கற்றுக்கொள்ள ஒரு சுவர் விடுங்கள்

சென்னையில் கட்டடம் கட்டும் கட்டுநர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் வியாசர்பாடியிலிருந்து ஒரு மேஸ்திரி எழுதிக்கொள்வது. வணக்கம்.

போன மாதம் மாதவரம் பக்கம் ஒரு சைட்டிலிருந்து இன்ஜினியர் தம்பி ஒருவர் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தார். "மேஸ்திரி, காலைல எட்டு கொத்தனார் வேணும். எங்கிருந்தாவது பிடிச்சிட்டு வந்துடுங்க" என்றார். கொத்தனார் என்ன காசிமேட்டு மீனா, விடியற்காலையில் போய்க் கூடையை நீட்டினால் வந்து விழுவதற்கு? ஆனாலும் போனேன். ஆறரை மணிக்கு மூலக்கடையில் வேலைக்காக நிற்கிற கூட்டத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். "கொத்து வேலை யாருக்குத் தெரியும்?" என்றதும் பத்துப் பதினைந்து கை தூக்கியது. மூலை எடுப்பியா, பூச்சு கனத்துக்கு அடையாளமாகப் புல்மார்க் வைப்பியா, சன்னல் ஓரம் முடிப்பியா என்று கேட்கக் கேட்க ஒவ்வொரு கையாக இறங்கியது. கடைசியில் தேறியவர்கள் நான்கு பேர். அதிலும் இரண்டு பேருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஒருவர் எண்பதுகளின் கடைசியில் என்னோடு பெரம்பூரில் வேலை பார்த்தவர். "இன்னுமா அண்ணே?" என்று கேட்டேன். "முட்டி விட்டுடுச்சுப்பா, வயிறு விடலையே" என்றார்.

ஆள் பற்றாக்குறை, ஆள் பற்றாக்குறை என்று நீங்கள் கூட்டம் போட்டுப் பேசுவதைப் பேப்பரில் படிக்கிறேன். அன்று காலை உடம்பில் தெம்போடு முப்பது பேருக்கு மேல் என் கண் எதிரே நின்றார்கள். கல் தூக்குவார்கள், மண் வெட்டுவார்கள், கலவை போடுவார்கள். அதற்கு மேல் ஒரு படி ஏற அவர்களுக்கு யாரும் கை கொடுக்கவில்லை. அந்தப் படியை உடைத்தவர்கள் நாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் வேலைக்கு வந்தது 1986-ல், பதினாறு வயதில். தாய்மாமன்தான் கூட்டிப்போனார். முதல் ஆறு மாதம் மணல் சலித்தேன். அப்போது ஆற்று மணல். கல்லை உடைத்து எடுக்கிற எம்-சாண்ட் என்ற பேச்சே கிடையாது. அப்புறம் செங்கல்லைத் தொட்டியில் போட்டு நனைக்கிற வேலை. நனைக்காத கல் கலவையிலிருக்கிற தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிடும், சுவர் பிடிக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரியாமலே ஒரு வருடம் நனைத்தேன். கலவை அள்ளிப் பூசும் கரணையைத் தொட்டால் கையில் ஒரு தட்டு விழும்.

பெரம்பூரில் ஒரு ரயில்வேக்காரர் வீடு. வீடு முடிந்து பின்பக்கக் காம்பவுண்டு மட்டும் பாக்கி. மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்திருந்தபோது மாமா என்னைக் கூப்பிட்டு, "எடுடா கரணையை" என்றார். நூல் கட்டிக் கொடுத்தார். மூன்று வரிசை கட்டினேன். உலகத்திலேயே நேரான சுவர் அதுதான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். மாமா சுவர் செங்குத்தா என்று காட்டும் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, காலால் ஒரே தள்ளு. "கலவை இறுகறதுக்குள்ள கல்லைக் கழுவி எடு." கழுவினேன். மறுநாள் மதியமும் தள்ளினார். மூன்றாம் நாள் குண்டைப் பார்த்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார். தள்ளவில்லை. எனக்குக் கிடைத்த ஒரே சர்டிபிகேட் அந்தப் பீடிதான்.

இதைப் பழைய கதை பேசும் ஆசையில் எழுதவில்லை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு நாள் வீணான கலவைக்கு யார் காசு கொடுத்தது? வீட்டுக்காரர். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார், "பையன் கத்துக்கறானா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்த அரைமணிக்கு யார் கூலி கொடுத்தது? அதுவும் அவர்தான். மாமாவுக்கு நாள் கூலி. அரைமணி எனக்குச் செலவழித்தால் அவர் வீட்டு அரிசியில் ஒரு பிடியும் குறையாது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேலையிலும் இப்படி ஒரு சுவர் இருந்தது. காம்பவுண்டின் பின்பக்கம், கக்கூசின் உள்பக்கம், தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டின் அடிப்பக்கம். கொஞ்சம் கோணினாலும் யார் கண்ணிலும் படாத இடம். கையாள் கொத்தனார் ஆனதெல்லாம் அந்தச் சுவர்களில்தான்.

இப்போது அந்தச் சுவருக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் போட்டுவிட்டீர்கள்.

நீங்கள் மெயின் கான்ட்ராக்டருக்குக் கொடுக்கிறீர்கள். அவர் லேபர் கான்ட்ராக்டருக்கு, அவர் என்னைப் போன்ற மேஸ்திரிக்கு, நான் கொத்தனாருக்கு. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு கடைசியில் சுவருக்கு முன்னால் நிற்கிறவனிடம் வரும்போது ஒரு சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று மிஞ்சுகிறது. ஒழுங்காகச் செய்தால் நல்ல கை ஒரு நாளில் உள்பூச்சு நூறு, நூற்றிருபது சதுர அடி பூசும். அந்த ரேட்டில் நாள் கூலி தேறக் குறைந்தது இருநூறு சதுர அடி பூச வேண்டியிருக்கிறது. இந்த ஓட்டத்தில் பக்கத்தில் நிற்கிற பையனிடம் "இந்தா, நீ கொஞ்சம் பூசு, பாக்கறேன்" என்று எவன் சொல்வான்? அவன் கோணலாகப் பூசியதைச் சுரண்டித் திரும்பப் பூசுகிற நேரம் சொல்லிக்கொடுப்பவன் மடியிலிருந்து போகிறது. நானே என் தங்கை மகனை இரண்டு வருடம் வெறும் பாண்டு, அதாவது கலவைச் சட்டி, தூக்க வைத்தேன். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். இப்போது சாப்பாடு டெலிவரி பண்ணுகிறான். வெயில் அங்கேயும் இருக்கிறது, ஆனால் வண்டியை ஓட்டியபடி வந்த முதல் நாளே அவன் முழு ஆள். யாரும் அவனைக் கையாள் என்று கூப்பிடுவதில்லை. நான் எந்த வாயால் அவனைத் திட்டுவது?

வடக்கிலிருந்து வருகிற பிள்ளைகளைப் பற்றி நம் ஆட்களே கண்டபடி பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்திலிருந்து வரும் மேஸ்திரிகள் சிலரின் கை என் கையைவிடச் சுத்தம். கேட்டுப் பார்த்தால் அங்கேயும் இதே கதைதான்: சித்தப்பா, மாமா, அண்ணன் என்று ஒரே கும்பலாகக் கிளம்பி, கும்பலுக்குள்ளேயே தட்டு வாங்கிக் கற்றவர்கள். ஆனால் ஏஜென்ட் மூலமாக வியாழக்கிழமை சென்ட்ரலில் வந்து இறங்குகிற பத்தொன்பது வயதுப் பையனிடம் திங்கட்கிழமை கரணையைக் கொடுத்துப் பத்தாவது மாடிக்கு அனுப்புகிறார்களே, அதை என்னவென்று சொல்ல? அவன் ஊரில் வயல் வேலை பார்த்தவன். அவன்மேல் தப்பு இல்லை. 2023 மார்ச்சில் பீகார்காரர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ சுற்றியபோது, ஹோலிக்குப் போகிறோம் என்று மூட்டை கட்டியவர்களைப் பார்த்து நீங்கள் எவ்வளவு பதறினீர்கள் என்று எனக்குத் தெரியும். பதறியது சரி. திரும்பி வந்த பிறகு அவர்களில் எத்தனை பேருக்கு வேலை சொல்லிக்கொடுத்தோம்?

சாரம் கட்டுவதும் ஒரு வித்தை. எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும், எந்தக் கிளாம்ப் வழுக்கும், கால் வைக்கும் தரை இளகிய மண்ணா என்று பார்க்கக் கண் பழக வேண்டும். 2025 செப்டம்பர் 30 அன்று இதே வட சென்னைப் பக்கம், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலைய வேலையில் சாரம் சரிந்து 9 பேர் செத்துப்போனார்கள். அசாமிலிருந்து வந்த பிள்ளைகள். யார் தப்பு என்று விசாரிப்பது என் வேலை இல்லை. அன்று சாயங்காலம் எங்கள் சைட்டில் யாரும் சாரம் ஏறவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பில் அரசு கட்டிய கே.பி. பார்க் குடியிருப்பில் விரலால் தேய்த்தால் சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை டி.வி.யில் ஊரே பார்த்தது. ஐ.ஐ.டி.காரர்கள் வந்து ஆய்வு செய்தார்கள். சிமெண்டா, மணலா, காசு எங்கே போனது என்றெல்லாம் பேச்சு நடந்தது. நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். கலவையைக் கரணையில் அள்ளிய உடனே அதில் சிமெண்ட் எவ்வளவு என்று கை சொல்லிவிடும். சரியான கலவை கரணையில் ஒட்டி நிற்கும். சுவரில் அடித்தால் பிடிக்கிற சத்தமே வேறு. வெறும் மணல் கலவை சரசரவென்று வழியும். வேலை தெரிந்த கொத்தனார் இப்படிப்பட்ட கலவையைப் பார்த்தால் பாண்டைக் கவிழ்த்துவிட்டு, "இதுல நான் பூச மாட்டேன்" என்று உட்கார்ந்துவிடுவார். சூப்பர்வைசர் கத்தினாலும் எழுந்திருக்க மாட்டார், ஏனென்றால் அவருக்கு நாளைக்கே வேறு சைட் கிடைக்கும். வேலை தெரியாதவனுக்கு முதலில் கலவை சரியில்லை என்பதே தெரியாது. தெரிந்தாலும் சொல்ல வாய் வராது. தேர்ந்த ஆள் வேண்டும் என்று நான் கேட்பது சுவர் அழகாக வர வேண்டும் என்பதற்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்த்துப் பேசத் தெரிந்த ஒருவர் சைட்டில் வேண்டும்.

தண்ணீர் விடுவதும் அப்படித்தான். இன்று நம் சைட்டுகளுக்கு வருவது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள் கான்கிரீட் ஈரமாக இருக்க வேண்டும். முன்பு 7 நாள் என்று பழகிய ஆட்களே இன்னும் ஏழோடு நிறுத்துகிறார்கள். பழகாதவர்கள் மூன்றோடு. கடற்கரையை ஒட்டிய திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உப்புக் காற்று கம்பியைத் தேடி வரும். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சின்னச் சிமெண்ட் கட்டையான கவர் பிளாக் வைக்காமல் கம்பியைச் சென்ட்ரிங் பலகை மேலேயே கிடத்திவிட்டு கான்கிரீட் போட்டால் சில வருடத்தில் சீலிங் பொரிந்து கம்பி துருப்பிடித்துத் தொங்கும். ஒரு கவர் பிளாக் என்ன விலை? விலையே இல்லை. வைக்க வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆளின் விலைதான் அது.

சரி, இப்போது என் சைட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொடுங்கையூரில் ஒரு வீடு. எங்களோடு ஒரு அக்கா சித்தாளாக வருகிறார். இருபத்திரண்டு வருடமாகக் கலவை சுமக்கிறார். ஒரு சனிக்கிழமை கொத்தனார் வரவில்லை. பாத்ரூமில் ஒரு சுவர் பாக்கி, திங்கட்கிழமை டைல்ஸ்காரர் வருகிறார். நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். "மேஸ்திரி, நான் பூசட்டுமா?" என்றார் அக்கா. வேறு வழியில்லாமல்தான் சரி என்றேன், பெருமைக்குச் சொல்லவில்லை. பாண்டை இறக்கி வைத்தார், புடவையை இழுத்துச் செருகினார், புல்மார்க்கைக் கண்ணால் ஒருமுறை பார்த்தார். கலவையை அடித்து, மட்டக்கோலால் கீழிருந்து மேலே அறுத்து இழுத்து, மணியாசுக் கட்டையால் வட்டமாகத் தேய்த்து மதியத்துக்குள் முடித்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் நின்று பார்த்த கண்ணுக்குக் கை ஒரு மணி நேரத்தில் இணங்கிவிட்டது. சாயங்காலம் இன்ஜினியர் வந்து மட்டக்கோல் வைத்துப் பார்த்து, "யார் மேஸ்திரி பூசினது? நல்லா இருக்கே" என்றார். அக்காவைக் காட்டினேன். அவர் இன்னொரு தடவை மட்டக்கோல் வைத்துப் பார்த்தார்!

அடுத்த வாரம் கொத்தனார் வந்துவிட்டார். அக்கா மறுபடி பாண்டு தூக்கினார், சித்தாள் கூலிக்கு. அதைச் செய்ததும் நான்தான். இந்த ஊரில் ஒவ்வொரு சைட்டிலும் இப்படி இரண்டு அக்காக்கள் இருக்கிறார்கள். ஊரை விட்டு ஓட மாட்டார்கள், சனிக்கிழமை கூலி வாங்கியதும் திங்கட்கிழமை காணாமல் போக மாட்டார்கள், கலவையின் பதம் என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் போடுவதே அவர்கள்தானே. எட்டு கொத்தனார் வேண்டும் என்று ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குப் போன் செய்கிறீர்கள். உங்கள் சைட்டிலேயே தலையில் சட்டியோடு இரண்டு பேர் படியேறிக்கொண்டிருக்கிறார்கள்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தையூரில் கட்டுமானக் கழகப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சியும், அந்த நாள் கூலி போகிறதே என்று நாளைக்கு 800 ரூபாயும் கொடுக்கும் திட்டம் வந்தது. நல்ல விஷயம். ஆனால் திருவொற்றியூரிலிருந்து தையூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு அக்கா எப்படிப் போவார்? ஐ.டி.ஐ.யில் கொத்து வேலைக்கு எட்டாவது படித்தவர் சேரக்கூடிய ஒரு வருடப் படிப்பே இருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகளிடம் கேட்டால் எல்லோருக்கும் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர்தான் தெரிகிறது. கொத்தனாருக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சட்டமும் இருக்கிறது. 1961-ல் வந்த அப்ரண்டிஸ் சட்டத்தின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து பேர் வரை பழகுநர்களை வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்த ஆட்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். உங்கள் ஒரு டவரில் முந்நூறு பேர் இருக்கிறோம். ஆனால் உங்கள் ரிஜிஸ்டரில் நாங்கள் இல்லை, மெயின் கான்ட்ராக்டர் ரிஜிஸ்டரிலும் இல்லை. என் சட்டைப் பையில் இருக்கிற நாற்பது பக்க நோட்டில்தான் எங்கள் பெயர்கள் இருக்கின்றன. நோட்டுக்குச் சட்டம் வராது. பிளான் அப்ரூவல் வாங்கும்போதே கட்டடச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்குக் கட்டிவிடுகிறோமே என்பீர்கள். கட்டுகிறீர்கள், மறுக்கவில்லை. அது கல்யாணத்துக்கும் பென்ஷனுக்கும் விபத்துக்கும் உதவுகிறது. கரணை பிடிக்க அந்தப் பணத்தால் சொல்லிக்கொடுக்க முடியாது. அது சைட்டில்தான் நடக்கும், வேலை நேரத்தில், உங்கள் சுவரில்.

இதற்கு நடுவே ஒரு புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன. தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் ஒட்டிய கூரை. மழைக்கு ஒழுகினால் என்னைக் கூப்பிடுகிறார்கள். எனக்கே அது அரைகுறையாகத்தான் வரும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டத் தெரிந்தவர் எங்கள் பக்கம் ஒருவர் இருந்தார். கொரோனாவில் போய்விட்டார். அவரிடம் யாரும் கற்றுக்கொள்ளவில்லை, நான் உட்பட. அன்று எனக்கு சதுர அடி ரேட்டில் நான்கு சைட் ஓடிக்கொண்டிருந்தது. இன்று சிமெண்ட் வேலையிலும் நாம் அதே இடத்தை நோக்கித்தான் போகிறோம்.

வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் தொடங்கியபோதே 4,181 கோடி ரூபாய் என்றார்கள், பிறகு தொகை கூடியது. பள்ளிக்கூடம், குடியிருப்பு, ஆஸ்பத்திரிக் கட்டடம் என்று எங்கள் தெருக்களிலேயே வேலை நடக்கிறது. இவற்றை எடுத்துச் செய்யும் உங்களில் பலரிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கட்டடத்திலும் கொஞ்சம் சுவரைச் சதுர அடிக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தச் சுவருக்கு நாள் கூலி போடுங்கள். ஐந்து கொத்தனாருக்கு ஒரு பழகுகிறவர் என்று அதில் நிற்கட்டும், முதலில் உங்கள் சைட்டிலேயே சட்டி சுமக்கிற பெண்கள். அறுபது தாண்டி முட்டி போன எங்கள் அண்ணன்மார்களைச் சாரத்தில் ஏற்றாமல் கீழே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள், கொத்தனார் கூலிக்கே. கோணலாகக் கட்டியதை இடித்துக் கட்ட ஆகிற கலவைக்கும் எஸ்டிமேட்டில் ஒரு வரி எழுதுங்கள். முந்நூறு வீடு கட்டுகிறவருக்கு அது சாம்பிள் பிளாட்டுக்கு வாங்குகிற சோபா விலைகூட வராது. கற்றுக்கொண்டபின் வேறு கான்ட்ராக்டரிடம் ஓடிவிடுவானே என்று கேட்பீர்கள். ஓடட்டும். அங்கிருந்து ஒருவன் உங்களிடம் ஓடி வருவான். எல்லோரும் ஒரு சுவர் விட்டால் ஓடுவதில் நஷ்டம் யாருக்கு?

ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்கக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். அந்தக் கொடுங்கையூர் வீட்டுக்காரரிடம் பேசினேன். பின்பக்கக் காம்பவுண்டு நாற்பதடி நீளம். அதை ரேட்டிலிருந்து எடுத்துவிடலாம், நாள் கூலியில் பாதி நான் போடுகிறேன் என்றேன். "கோணுமா?" என்று கேட்டார். "முதல் இரண்டு நாள் கோணும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பின்பக்கம்தானே" என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து அக்காவும் மூலக்கடையில் அன்று கையை இறக்கிக்கொண்ட இரண்டு பையன்களும் அங்கே கட்டுகிறார்கள். முட்டி போன அண்ணன் ஸ்டூலில் இருப்பார். மாதவரம் இன்ஜினியர் தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வாருங்கள். வரும்போது தூக்குக்குண்டு ஒன்று எடுத்து வந்தால் நல்லது, எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மேஸ்திரி,
வியாசர்பாடி